தீக்குச்சி போய் பொத்தான் வந்த பிறகு

ஜூலை நான்காம் தேதி அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் புகை எழாவிட்டால்தான் அதிசயம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் எழுந்தது, அது கரிப்புகை. 1952-ல் சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்புக் கோளத்தை இரண்டாக வெட்டினார். கீழ்ப்பாதியில் கரி, மேற்பாதி மூடி. காற்றுக்கும் தூறலுக்கும் அசராத அந்த உருண்டை அடுப்பு இன்றும் விற்கிறது.

கரியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கனல் பிடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். அதற்குப் பொறுமையில்லாத ஆசாமி பாதி கனன்ற கரிமேல் எரிதிரவத்தைப் பீய்ச்சுவார். பீய்ச்சிய வழியே சுவாலை அவர் கையை நோக்கி ஏறி வரும். புருவம் கருகினால் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

1960களில் எரிவாயு கம்பெனிகளே கிரில் விற்க இறங்கின. ஆர்கன்சா பக்கத்து ஆர்க்லா அவற்றில் ஒன்று. கரி வாங்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டும். கிரிலின் பக்கவாட்டிலோ அடியிலோ அதற்கென ஒரு துளை இருக்கும். மூடியைத் திறந்துவைத்து, குச்சியைக் கிழித்துத் துளைக்குள் பிடித்து, அதன் பிறகே குமிழைத் திருப்ப வேண்டும். நெருப்பு முதலில், கேஸ் பிறகு. கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடியவர்களும் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு முறைதான் தேடியிருப்பார்கள்.

தீக்குச்சிக்குப் பதில் பொறி தட்டும் பொத்தான் வந்ததும் இந்த வரிசை தலைகீழானது. இப்போது கேஸ் முதலில், பொறி பிறகு. முதல் அழுத்தலில் பற்றிக்கொண்டால் வம்பில்லை. பேட்டரி தீர்ந்திருந்தாலோ பொறி தட்டும் முனையில் எண்ணெய்ப்பிசுக்கு படிந்திருந்தாலோ, டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே நிற்பார்கள். கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போகாமல் அடுப்புக்குள் தேங்கும். மூடியும் மூடியிருந்தால், கடைசியில் விழும் ஒரே ஒரு பொறி மூடியைத் தூக்கி அடிக்கும். நம் ஊர் அடுப்பிலும் குமிழைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடுகிறவர்கள் உண்டு. அது திறந்த அடுப்பு. இது மூடி போட்ட பெட்டி. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே போதும். பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். சில விநாடிகளில் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். அந்தப் பழைய துளை பல கிரில்களில் இன்னும் இருக்கிறது, நீளமான தீக்குச்சியும் கடையில் கிடைக்கிறது.

சிலிண்டரின் கதை வேறு. அங்கே மாற்றம் முழுக்க நல்லதுக்கே. பழைய 20 பவுண்டு சிலிண்டரின் மரை இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும். ஸ்பேனர் இல்லாமல் வேலை நடக்காது. எதிலும் இணைக்காமல் வால்வைத் திறந்தாலும் கேஸ் சீறிக்கொண்டு வெளியே வரும். நிரப்புகிறவர் கவனம் தப்பினால் அளவு மீறிப்போகும். வெயிலில் திரவம் விரியும் என்பதால் 80 சதவீதம்தான் நிரப்ப வேண்டும். அளவு மீறியதைக் கோடை வெயிலில் காருக்குள் வைத்தால் கேஸைக் கக்கும். 1998 அக்டோபர் முதல் புதிய சிலிண்டர்களின் வால்வுக்குள் ஒரு மிதப்பான் வந்தது. அளவு வந்ததும் அதுவே வழியை அடைத்துவிடும். 2002 ஏப்ரல் முதல் அது இல்லாத சிலிண்டரை நிரப்பித் தருவதில்லை. மேலே உள்ள கைப்பிடி முக்கோணமாக இருந்தால் அது புதிய வகை. கையாலேயே இறுக்கும் பெரிய பிளாஸ்டிக் மரையும் வந்தது. அதை இணைக்காமல் கேஸ் வராது. பக்கத்தில் தீப்பிடித்தால் மரை இளகி, கேஸ் நின்றுவிடும்.

இந்தப் பிளாஸ்டிக் மரைக் காவல்காரனிடம் ஒரு வீம்பு உண்டு. குமிழ்களைத் திறந்துவைத்துக்கொண்டு சிலிண்டரை வெடுக்கென்று திறந்தால், எங்கோ ஹோஸ் அறுந்துவிட்டது என்று எண்ணி அது கேஸைக் குறைத்துவிடும். தீ மினுக்மினுக்கென்று எரியும், கோழி வேகாது. சிலிண்டர் தீர்ந்துவிட்டதென்று கடைக்கு ஓடுவார்கள். ஓட வேண்டாம். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி மாட்டி, குமிழ்கள் மூடியிருக்கையில் சிலிண்டரை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

கசிவைக் காட்டிக்கொடுக்கும் கேஸின் நாற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. 1937-ல் டெக்சஸ் மாநிலம் நியூ லண்டனில் ஒரு பள்ளி, மணமில்லாத எரிவாயு கசிந்து வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். கேஸில் நாற்றம் கலக்கச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

எந்த வால்வாலும் தீராத வேலைகள் இன்னும் நம் கையில்தான். குளிர்காலம் முழுக்க உறை போட்டுக் கிடந்த கிரிலின் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். கேஸ் அந்தப் பக்கம் போக முடியாமல் பின்னால் திரும்பி, குமிழ் பக்கமே தீப்பிடிக்கும். அதனால் கோடையில் முதல் முறை மூட்டுவதற்குமுன் குழாயைத் துடைத்து, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அடித்தட்டில் சேர்ந்த கொழுப்பைச் சுரண்டிப் போடுங்கள். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. குமிழ்களை அணைத்து மூடியை மூடிவிட வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்த கம்பி கறியோடு தொண்டைக்குப் போகலாம். அப்படி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2012-ல் எழுதியிருக்கிறது. கோழி வெந்ததா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், அதற்கு வெப்பமானி உண்டு.

ஊரில் இருந்தவரை இரவு படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடியவர்கள், அமெரிக்கா வந்ததும் குமிழை மட்டும் அணைத்துவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விடுகிறார்கள். சிலிண்டரையும் மூடிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.