பேனா யார் கையில்?

கட்டுரை எழுதிக் கொடுத்த மாணவர் ஒருவர் அதனைத் திரும்பப் பெறும்போது, தாள் முழுவதும் சிவப்பு மையால் கோடுகள் இழுக்கப்பட்டிருக்கக் காண்கின்றார். ஓரத்தில் 'தெளிவில்லை' என்று ஒரு குறிப்பு. அடியில் ஒரு மதிப்பெண். எது தெளிவில்லை, ஏன் தெளிவில்லை என்று கேட்க அவருக்கு வாய்ப்பில்லை. அறுபது பேர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியருக்கோ விளக்கிச் சொல்ல நேரமில்லை. அடுத்த கட்டுரையிலும் அதே பிழை நிகழ்கின்றது. அதே சிவப்புக் கோடு விழுகின்றது. இதற்கு மாற்றாக அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் கண்ட ஒரு வழியைப் பற்றி இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அங்கே பல கல்லூரிகளில் 'ரைட்டிங் சென்டர்' என்ற ஓர் அமைப்பு உண்டு. எழுத்துப் பயிற்சி நிலையம் என்று நாம் அதனை வழங்கலாம். சில மேசைகள், நாற்காலிகள், அகராதிகள், எழுத்து முறையை விளக்கும் சிறு குறிப்பேடுகள் இவையே அதன் உடைமைகள். பாதி எழுதிய கட்டுரையோடு மாணவர் அங்கே செல்வார். பயிற்சி பெற்ற ஒருவர் அரைமணி அல்லது ஒருமணி நேரம் அவருடன் அமர்ந்து பேசுவார். அங்கே மதிப்பெண் இல்லை. 1930களிலேயே அயோவா, மின்னசோட்டா பல்கலைக்கழகங்களில் 'எழுத்து ஆய்வுக்கூடம்' என்னும் பெயரால் இம்முயற்சி தொடங்கிவிட்டது. அறிவியல் மாணவர் தம் கையால் செய்து கற்பதுபோல, எழுத்தையும் செய்து கற்க வேண்டும் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருத்தலைக் காணலாம்.

ஆயினும், இந்நிலையங்களின் தேவை நாடெங்கும் உணரப்பட்டதற்கு 1970இல் நியூயார்க்கில் நிகழ்ந்த ஒரு மாறுதல் பெரிதும் காரணமாயிற்று. அவ்வாண்டு அந்நகரப் பல்கலைக்கழகம், நகரத்து உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவர்க்கும் தன் கல்லூரிகளில் இடமுண்டு என்று கதவைத் திறந்துவிட்டது. கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் எனப் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தனர். அவர்களுள் பலர் நீண்ட கட்டுரை எழுதிப் பழகாதவர். அவர்கள் எழுத்தைக் கண்டு, 'இவர்கள் கல்லூரிக்கு ஏற்றவர் அல்லர்' என்று கருதியவர்களும் உண்டு.

சிட்டி காலேஜ் என்னும் கல்லூரியில் பணியாற்றிய மினா ஷாக்னெஸி அம்மையார் அவ்வாறு கருதவில்லை. புதிதாக வந்த மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். கண்ட முடிவுகளை 1977இல் நூலாக வெளியிட்டார். பிழைகள் பெரும்பாலும் சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ வருவன அல்ல. அவற்றிற்குள்ளும் ஒரு நெறி உண்டு என்பது அவர் கண்ட உண்மை. நாம் அறிந்த ஒரு சான்றைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆங்கிலத்தில் 'ஹி டிட் நாட் கோ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஹி டிட் நாட் வென்ட்' என்று ஒருவர் எழுதுகின்றார். இறந்த காலத்திற்கு இறந்த கால வடிவம் வேண்டும் என்ற விதியை அவர் கற்றிருக்கின்றார். அதனை வேண்டாத இடத்திலும் செலுத்திவிட்டார். 'பிழை' என்று அடித்துவிட்டால் அவர் கற்பது சிறிது. 'காலத்தை டிட் என்ற சொல்லே காட்டிவிட்டதே' என்று எடுத்துரைத்தால் அவர் மீண்டும் தவறமாட்டார்.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ளின் காலேஜில் கென்னத் புரூஃபி என்னும் பேராசிரியர் வேறொன்றைக் கண்டார். கல்லூரி ஏற்பாடு செய்த உதவியைப் பெற மாணவர் பலர் வரவில்லை. அது வகுப்பறையின் தொடர்ச்சியாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. ஆகவே, மாணவர்க்கு மாணவரே துணையாகும் முறையை அவர் வளர்த்தார். உதவி பெற்றவர் மட்டுமன்றி உதவி புரிந்தவரும் அதனால் எழுத்தில் தேர்ந்தனர்.

இனி, அம்மேசையில் நிகழ்வது யாது என்று காண்போம். மாணவர் தம் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கின்றார். கண்ணுக்குத் தப்பிய தடுமாற்றம் காதுக்குத் தப்புவதில்லை. படிக்கும்போதே பல இடங்களில் அவரே நின்றுவிடுகின்றார். 'நீங்கள் சொல்ல வந்தது என்ன? ஒரே வாக்கியத்தில் கூறுங்கள்' என்று துணைவர் கேட்கின்றார். கருத்தும், அதனை நிறுவும் சான்றும், பத்திகளின் வரிசையும் முதலில் ஆராயப்படுகின்றன. எழுத்துப் பிழையும் நிறுத்தக் குறியும் பின்னரே வரும். நீக்கவேண்டிய பத்தியில் காற்புள்ளியைத் திருத்துவதால் பயன் என்ன? இவ்வளவும் நிகழும்போது பேனா மாணவர் கையிலேயே இருக்கின்றது. கட்டுரையைச் செப்பனிடுவது அன்று, எழுதுபவரை வளர்ப்பதே இந்நிலையத்தின் பணி என்று 1984இல் ஸ்டீபன் நார்த் என்னும் அறிஞர் வற்புறுத்தினார்.

இதற்கு மறுப்பும் இல்லாமல் இல்லை. கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், விதியை அறியாதவர் எவ்வாறு விடை காண்பார்? கற்றோர் வீட்டில் பிறந்தவர் இயல்பாகவே அறிந்திருக்கும் மொழி மரபுகளை, பிறர்க்கு வெளிப்படையாகக் கற்பிக்காமல் விடுவது நீதியாகாது என்று லிசா டெல்பிட் என்னும் கல்வியாளர் 1988இல் பள்ளிக் கல்வியைக் குறித்து எழுதினார். அது இங்கும் பொருந்தும். அறியாத விதியைச் சொல்லித்தர வேண்டும். அறிந்ததைச் செய்யவிட வேண்டும். இரண்டையும் பிரித்தறிவதே நல்ல துணைவரின் திறமை.

நேரில் செல்ல இயலாதவர்க்கும் வழி பிறந்துள்ளது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய எழுத்துக்கூடம், தன் குறிப்புகளை 1994 முதல் இணையத்தின் வழியே எவரும் படிக்குமாறு செய்தது. அயல்நாட்டு மாணவரும் ஆசிரியரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இன்றோ, கேட்ட மாத்திரத்தில் முழுக் கட்டுரையையே ஆக்கித் தரும் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. பிழையற்ற தாள் வேண்டுமெனில் அவை தரும். ஆனால், எழுதும்போது நம் கருத்தே நமக்குத் தெளிவாகின்றதே, அந்தத் தெளிவை வேறொருவர் எழுதித் தந்து நாம் பெற இயலுமா? எண்ணிப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, இத்தகைய நிலையம் உங்கள் கல்லூரியில் இல்லை என்று வருந்த வேண்டுவதில்லை. இருவர் போதும், மரத்தடி போதும். உங்கள் கட்டுரையை நண்பருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'நான் சொன்னது என்ன? எங்கே விளங்கவில்லை? எதனை இன்னும் அறிய விரும்புகின்றாய்?' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் கூறும் விடைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேனாவை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.