சூளை ஆறும் நேரம்

நம் புதுவையில் வில்லியனூர்ச் சுடுமண் வேலையைப் பார்த்திராதவர் குறைவு. சூளையை அவசரப்பட்டுப் பிரித்தால் பாண்டம் விரிசல் விடும் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் விரிசல் ஏதுமின்றி, பார்வைக்கு நன்றாகவே இருந்தும், ஆறிய விதம் தவறியதால் குணமே இல்லாமற் போகும் ஒரு பீங்கான் உண்டு. அதைப் பற்றி இங்கே காண்போம்.

சிறிதும் தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருளை மீக்கடத்தி என்கிறோம். 1911-இல் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் இதைக் கண்டார். ஆனால் அதற்கு 4.2 கெல்வின் வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. விலையுயர்ந்த திரவ ஹீலியம் இன்றி அது முடியாது. 1987-இல் அமெரிக்காவில் சூ, வூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்ஸைடு ஒன்று சுமார் 93 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆவதை அறிவித்தன. திரவ நைட்ரஜனின் குளிர்நிலை 77 கெல்வின். காற்றிலிருந்தே எடுக்கும் நைட்ரஜன் போதும் என்றால், செலவு எவ்வளவு மிச்சம்! அந்தக் கலவையில் உண்மையில் மீக்கடத்தும் சேர்மம் எது என்று அதே ஆண்டில் இனங்கண்டவர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சி.என்.ஆர். ராவ் குழுவினரும் உண்டு. நமக்கு வடக்கே கல்பாக்கத்திலும் இவ்வகை ஆய்வுகள் நடைபெற்றன.

செய்முறை குயவர் தொழிலை ஒத்ததே. இட்ரியம் ஆக்ஸைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்ஸைடு மூன்றையும் அளவாகக் கலந்து அரைத்து, சுமார் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, மீண்டும் அரைத்து, வில்லையாக அழுத்தி, 950 டிகிரி அளவில் மறுபடி சுடுவர். வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டினால் பொருள் சிதைந்து, பச்சை நிறச் சேர்மம் ஒன்று தோன்றும், அது மீக்கடத்தாது. சரியாகச் சுட்டது கருமையாக இருக்கும்.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. உலையின் கடும் சூட்டில் இப்பொருள் ஆக்ஸிஜனை இழந்துவிடுகிறது. ஏழு அணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆறுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அந்நிலையில் சட்டென்று குளிரவைத்தால் குறை அப்படியே உறைந்துபோகும். திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினாலும் பயனில்லை; மேலே வைத்த காந்தம் மிதக்காமல் சும்மா கிடக்கும். மாறாக, ஆக்ஸிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட்டு, 400 முதல் 500 டிகிரியில் பல மணி நேரம் நிறுத்தினால், அணுக்கள் உள்ளே புகுந்து தாமிரத்தோடு சங்கிலி போல வரிசையாக அமர்கின்றன. சதுர அடியுடைய படிகப் பெட்டி ஒரு பக்கம் சற்றே நீள்கிறது. இப்போது காந்தம் அந்தரத்தில் மிதக்கும்! கெட்ட வில்லையையும் ஆக்ஸிஜனில் மறுபடி சூடாக்கி மெல்ல ஆற்றினால் குணம் திரும்பிவிடும் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வில்லை உறுதியாக இருக்க நெருக்கமாகச் சுடவேண்டும். நெருங்கச் சுட்டால் ஆக்ஸிஜன் நுழையத் தாமதமாகும், சில வேளை நாட்கணக்கில். மேலும் பீங்கானைக் கம்பியாக இழுக்கவும் இயலாது. ஆகவே இக்காலத்தில் உலோக நாடாவின்மேல் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய படலமாக இதைப் படியவைக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய படலத்தினுள் ஆக்ஸிஜன் விரைந்து பரவிவிடுகிறது.