'உயரம் போதாது' என்றார்கள்... 111 முறை சாய்த்தார்! ஓர் இளம் வீரரை எப்படி எடைபோடுவது?

102 கிலோ எடை. பெஞ்சில் படுத்தபடி அதை நெஞ்சுவரை இறக்கி, கைகள் நேராகும்வரை மேலே தூக்க வேண்டும். எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. நம் ஊர் ஜிம்மில் ஒருவர் இதை ஒரே ஒரு முறை தூக்கினாலே பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

2008-ல் வெர்னன் கோல்ஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் இதை 37 முறை தூக்கினார். 2014-ல் ஆரோன் டொனால்ட் என்ற இளைஞர் 35 முறை தூக்கினார். 40 யார்டு ஓட்டத்தில், அதாவது சுமார் 37 மீட்டரில், இருவருமே ஐந்து விநாடிக்குள் எல்லையைத் தொட்டார்கள். இருவரும் கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர்கள். இருவருக்கும் எதிரணியின் தாக்குதலை முன்வரிசையிலேயே உடைக்கும் 'டிஃபென்சிவ் லைன்மேன்' வேலை. இருவரையும் என்.எஃப்.எல் அணிகள் முதல் சுற்றிலேயே தேர்வுசெய்தன.

அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். டொனால்ட் 10 சீசன்களில், லீக் ஆட்டங்களில் மட்டும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை 111 முறை தரையில் சாய்த்தார். கோல்ஸ்டன் எத்தனை முறை சாய்த்தார் தெரியுமா? பூஜ்ஜியம்!

ஒரே தராசில் ஏறக்குறைய ஒரே எடை காட்டிய இருவர். பிறகு எங்கே தப்பியது கணக்கு?

மூன்று விநாடி வேலை

அமெரிக்க ஃபுட்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் கிடைக்கும். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள். அந்த அணியின் மூளை, குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று தேடுபவர் அவர்தான். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில்போல நிற்பார்கள்.

அந்த மதிலைத் தாண்டிச் சென்று குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பதும், பந்தோடு ஓடி வருபவரை மடக்குவதும்தான் டிஃபென்சிவ் லைன்மேனின் வேலை. பந்தை எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் 'சேக்'. பெரும்பாலும் மூன்று விநாடிக்குள் பந்து கையைவிட்டுப் போய்விடும். ஆக, இந்த வீரருக்குக் கிடைக்கும் அவகாசமே அவ்வளவுதான்!

இண்டியானாபோலிஸ் பரீட்சை

கல்லூரி வீரர்களை 32 தொழில்முறை அணிகளும் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐ.பி.எல்-போல ஏலம் கிடையாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்றுகள்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு இண்டியானாபோலிஸ் நகரத்தில் 'கம்பைன்' என்ற பரீட்சை நடக்கும். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கை அகலம் என எல்லாவற்றையும் அளப்பார்கள். ஓடவிடுவார்கள், தாண்டவிடுவார்கள். மருத்துவர்கள் மூட்டு மூட்டாகப் பரிசோதிப்பார்கள். அணி நிர்வாகிகள் நேர்காணல் நடத்துவார்கள்.

2014-ல் டொனால்ட் அங்கே வந்தபோது அவர் கையில் விருதுகள் நிறைய இருந்தன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, நாட்டின் தலைசிறந்த தடுப்பு வீரர்களுக்கான பெரிய விருதுகளை ஒரே சீசனில் அள்ளியிருந்தார். அந்த ஜனவரியில் அலபாமாவின் மொபைல் நகரில் நடந்த 'சீனியர் பவுல்' பயிற்சிகளில், ஒருவருக்கு ஒருவர் மோதும்போது எதிரில் நின்றவர்களைத் திணறடித்திருந்தார்.

ஆனால், அளவு நாடா வேறு சொன்னது. உயரம் 6 அடி 1 அங்குலத்தைக்கூட முழுதாக எட்டவில்லை. எடை 129 கிலோ. நமக்கு இது பெரிய உருவம்தான். ஆனால், முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள் அங்கே இரண்டு மூன்று அங்குலம் கூடுதல் உயரத்துடன், 136 கிலோவுக்கும் மேல் இருப்பது வழக்கம். 'இந்த உடம்பை வைத்துக்கொண்டு தொழில்முறை மதிலை இவர் எப்படி உடைப்பார்?' என்பதே பலரின் சந்தேகம்.

டிராஃப்ட் நாளில் 12 பேர் பெயர் வாசிக்கப்பட்ட பிறகுதான் டொனால்டின் முறை வந்தது. 13-வது இடத்தில் அவரை எடுத்தது அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணி. இதில் வேடிக்கை, அதே ராம்ஸ் தனது முதல் வாய்ப்பான 2-வது இடத்தை கிரெக் ராபின்சன் என்ற வேறொரு வீரருக்குத்தான் கொடுத்திருந்தது. மூன்றே ஆண்டுகளில் ராபின்சனை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். டொனால்டை எடுத்த அணிக்கே டொனால்டின் மதிப்பு முழுதாகத் தெரிந்திருக்கவில்லை!

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

புதிதாக வந்த ஒரு லைன்மேனை மதிப்பிட, ஆட்டத்தின் வீடியோவில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, முதல் அடி. பந்து அசைந்ததும் யார் முதலில் அசைகிறார்? மூன்று விநாடி வேலையில் 40 யார்டு ஓடும் சந்தர்ப்பம் அபூர்வம். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 40 யார்டு நேரத்தைவிட அதில் முதல் 10 யார்டுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனியாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, கைகளும் குனிவும். மோதும் இருவரில் யாருடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ, அவருக்கே சாதகம். கபடியில் குனிந்து காலைப் பிடிப்பவரிடம் நெட்டையான ரெய்டர் சிக்கிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். டொனால்டுக்குக் குறை என்று சொல்லப்பட்ட உயரம், களத்தில் அவருக்கு வசதியானது இப்படித்தான். எதிராளியின் கை தன்மேல் படுவதற்குள் அதைத் தட்டிவிடும் வேகமும் அவருக்கு இருந்தது. பயிற்சியாளர் கத்தியை நீட்ட நீட்ட, அந்தக் கையைத் தட்டிவிட்டு டொனால்ட் பழகும் வீடியோ பிற்பாடு இணையத்தில் வைரலானது.

மூன்றாவது, எத்தனை பேர் மறிக்கிறார்கள்? ஒருவரைச் சமாளிக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்தினால், பக்கத்தில் இருக்கும் சக வீரருக்கு வழி திறக்கும். சேக் அவர் கணக்கில் ஏறும். அதற்குக் காரணமானவரின் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. ஸ்கோர் பட்டியலை மட்டும் பார்த்து 'இவர் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்வது இந்த இடத்தில்தான் தவறாகிறது.

நான்காவது, எங்கே நிறுத்துகிறார்கள்? கோல்ஸ்டன் கதையின் முடிச்சு இங்கே இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரே சீசனில் 14 சேக் எடுத்தவர் அவர். ஒரு கையைத் தரையில் ஊன்றி, பந்து அசைந்ததும் பாய்வது அவரது பழக்கம். 2008-ல் 6-வது இடத்தில் அவரை எடுத்த நியூயார்க் ஜெட்ஸ் அணியின் அமைப்பு வேறு. அங்கே அவரை வெளிப்புற லைன்பேக்கராக நிற்கவைத்தார்கள். பாய்வதா, பின்வாங்கிக் காவல் காப்பதா என்று நின்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் அது. மூன்று சீசன்கள் ஆடினார். 2011-ல் அணி அவரை விடுவித்தது. அதன்பிறகு லீக்கில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அவரது பலத்தை அளந்தவர்கள், அந்தப் பலம் எந்த இடத்தில் பயன்படும் என்பதையும் அளந்திருக்க வேண்டும், இல்லையா?

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

டிராஃப்ட் முடிந்த மறுநாளே அணிகளுக்கு மதிப்பெண் போடுவது அமெரிக்க ஊடகங்களின் வழக்கம். ஆனால், லீக்கின் ஒப்பந்தமே அதைவிடப் பொறுமையானது. முதல் சுற்று வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவார்கள். ஐந்தாவது ஆண்டும் வேண்டுமா என்று மூன்று சீசன்கள் முடிந்த பிறகே அணி முடிவு செய்யும்.

அந்தப் பொறுமைக்கு 2014-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட ஜடேவியன் கிளவுனி நல்ல உதாரணம். முழங்கால் காயத்தால் முதல் சீசனில் நான்கே ஆட்டங்கள்தான் ஆடினார். ஒரு சேக்கூட இல்லை. 'வீண்' என்று அன்றைக்கே எழுதியவர்கள், பிறகு அவர் மூன்று முறை 'புரோ பவுல்' நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானதையும் பார்த்தார்கள்.

டொனால்டுகூட முதல் சில ஆட்டங்களில் மாற்று வீரராகத்தான் இறங்கினார். பிறகு இடத்தைப் பிடித்து, 9 சேக்குடன் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் விருதை வாங்கினார். 2018-ல் ஒரே சீசனில் 20.5 சேக். அந்த அரை எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி! லீக்கின் சிறந்த தடுப்பு வீரர் விருது 2017, 2018, 2020 என மூன்று முறை அவருக்குக் கிடைத்தது.

இதற்கெல்லாம் விதை எங்கே விழுந்தது? பிட்ஸ்பர்க்கில் அவரது வீட்டு அடித்தளத்தில். அப்பா ஆர்ச்சி டொனால்ட் அங்கே ஒரு சின்ன ஜிம் அமைத்திருந்தார். சிறுவனாக இருந்தபோதே அதிகாலை 4.30 மணிக்கு மகனை எழுப்பி, தன்னோடு சேர்த்துப் பயிற்சி செய்யவைத்தார். அந்த 4.30 மணியை அளக்க கம்பைனில் கருவி கிடையாது.

கணக்கில் ஏறாத அந்த நொடி

2022 பிப்ரவரி 13. சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறிவிட்ட ராம்ஸ் 23-20 என முன்னிலை. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு நான்காவது முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு. பந்து குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் கைக்கு வந்த அடுத்த கணமே, மதிலைத் தாண்டி டொனால்ட் அவரைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். விழும்போது பர்ரோ எறிந்த பந்து யாரிடமும் போகாமல் தரையில் விழுந்தது. ராம்ஸ் சாம்பியன். டொனால்ட் தன் மோதிர விரலைச் சுட்டிக்காட்டியபடி ஓடினார். சாம்பியன்களுக்கு மோதிரம் உண்டு!

பந்து கையைவிட்டுப் போய்விட்டதால், ஸ்கோர் புத்தகத்தில் அது சேக் இல்லை. 'பாஸ் முழுமையடையவில்லை' என்ற ஒரு வரி மட்டும்தான். அவர் ஆடிய ஆட்டங்களிலேயே பெரிய ஆட்டத்தின் முடிவை எழுதிய அந்த நொடி, அவரது சேக் கணக்கில் இல்லை.

2024 மார்ச்சில் டொனால்ட் ஓய்வு பெற்றார். ஏப்ரல் வந்தால் ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்ட் வரும். யாரோ ஓர் இளைஞரின் உயரமும் எடையும் திரையில் ஓடும். 'பரவாயில்லை', 'தேற மாட்டார்' என்று மதிப்பெண்கள் வரும். அப்போது எண்களைப் பாருங்கள், தப்பில்லை. கூடவே அவர் ஆடிய ஆட்டத்தின் வீடியோ ஒன்றையும் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, அவரை மட்டும்!