வாசலில் ஒரு பக்கெட் வசம்பு

ஜோகுபாளையத்துச் சந்துகளில் தோட்டம் போட ஏது இடம்? வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் போதாது. ஆனாலும் பழைய பக்கெட் ஒன்று இருந்தால் போதும், ஊர்க் குளத்தங்கரைச் செடி ஒன்றை வளர்த்துவிடலாம். அதுதான் வசம்பு.

வாளை நட்டு வைத்தது போன்ற இலை. கசக்கினால் கமகமக்கும். கன்னடத்தில் இதற்குப் 'பஜே' என்று பெயர். துமகூரு மாவட்டம் கொரட்டகெரே பகுதியில், நெல்லைப் போல வயலில் நீர் கட்டி இதைப் பயிரிடுகிறார்கள். பெங்களூர் வாசலிலும் நன்றாக வரும்.

வளர்ப்பது எப்படி?

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த வசம்பு முளைக்காது. நர்சரியில் முளையுள்ள பச்சைக் கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். பக்கெட்டின் முக்கால் அளவுக்குக் களிமண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். முளை மேலே இருக்கும்படி, இரண்டு விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து நடுங்கள். ஜூன் மழை ஏற்ற காலம். பாதி நாள் வெயில் போதும்.

மண் ஒருநாளும் காயக் கூடாது; சேறாகவே இருக்கட்டும். ஆனால் அதன்மேல் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிட அதுவே போதும். மண்மட்டத்தில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுவிட்டால், மழைநீர் வடிந்துவிடும். சுமார் ஓராண்டில் கீழ் இலைகள் மஞ்சளாகும். அப்போது கிழங்கைத் தோண்டி, ஒரு துண்டைத் திரும்ப நடலாம்.

அதுவா, இதுவா?

மஞ்சள் பூப் பூக்கும் நீர் ஐரிஸ் என்று ஐரோப்பியச் செடி ஒன்று உண்டு. இலை அச்சாக வசம்பு போலவே இருக்கும். அதனால்தான் தாவரவியலார் 'போலி வசம்பு' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். சேற்றுப் பக்கெட்டில் அதுவும் வளரும். பூ கண்ணுக்கு அழகு. ஆனால் இலையில் வசம்பின் மணம் இராது, கிழங்கோ நஞ்சு. நடுமுன் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

தாய்மார்கள் கவனிக்க!

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் பெயர். சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். பாட்டிமார் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. நம் நாட்டு வசம்பில் அது அதிகம். எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது புற்றுக்கட்டி கண்டது. 1968-ல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கையில் கட்டும் வசம்பு வளையலையும் குழந்தை சப்பிவிடும், கட்ட வேண்டாம்.

அதற்காகக் கிழங்கை வீசிவிடாதீர்கள். காய வைத்துப் புத்தக அலமாரியில் இரண்டு துண்டு போட்டு வையுங்கள். பூச்சி அண்டாமலிருக்க நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளுக்குச் செய்த காவல் அது.