இறையியற் பள்ளியில் கோஷ்டி: ஹார்வர்டில் நிகழும் முறை

மேனாட்டார் "டிவினிட்டி ஸ்கூல்" என்று வழங்குவதைத் தமிழில் இறையியற் பள்ளி எனலாம். ஒரு சாகையை ஸந்தை சொல்லி அத்யயனம் செய்விக்கும் வேதபாடசாலை அன்று அது. மதங்களைப் புறத்தே நின்று அளந்து பார்க்கும் பல்கலைக்கழகத் துறையும் அன்று. மருத்துவக் கல்லூரி மருத்துவரை ஆக்குவது போலத் திருச்சபைக்கு வேண்டிய போதகரை ஆக்கும் பொருட்டுப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக எழுந்தது. அமெரிக்க நாட்டின் மாஸசூஸட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள ஹார்வர்ட் கல்லூரி 1636ஆம் ஆண்டில் தோன்றியது. இறையியலுக்கென ஹாலிஸ் பேராசிரியர் பீடம் அங்கு 1721இல் ஏற்பட்டது. இறையியற் பள்ளி தனியே நிறுவப்பெற்றது 1816இல்.

வ்யாக்யான மரபில் ஈடுபட்டோர் இப்பள்ளியைப் பற்றி அறியவேண்டுவதற்குக் காரணம் உண்டு. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியும், வேதாந்த தேசிகனின் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரமும் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் இப்பள்ளியின் ஆசிரியர்களால் ஊன்றிப் படிக்கப்பெற்று, அப்படிப்பின் பயனாக நூல்களும் வெளிவந்துள்ளன. க்ரந்தம் எங்குச் சென்றது என்று அறிந்தால் மட்டும் போதாது. எத்தகைய கோஷ்டியின் நடுவே அது வாசிக்கப்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். கோஷ்டியின்றிக் கற்ற க்ரந்தம் ஏட்டளவாய் நின்றுவிடும் என்பது காலக்ஷேப பரம்பரையில் வந்தோர் யாவரும் உணர்ந்ததே.

பள்ளியின் தொடக்க காலத்துக் கோஷ்டி ஒரே மதத்தாருடையது. அவருள்ளும் ஒரு சாராருடையது. அங்கும் பிணக்கு இல்லாமலில்லை. 1838 ஜூலை 15 அன்று எமர்ஸன் என்னும் அறிஞர் டிவினிட்டி ஹாலில், பட்டம் பெறவிருந்த சில மாணாக்கர் முன் ஆற்றிய உரை, அற்புதங்களைச் சான்றாகக் கொள்ளும் வழக்கத்தையும் உயிரற்ற போதனையையும் கடிந்தது. அதனால் எழுந்த சினம் தணிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன; அதுவரை ஹார்வர்ட் அவரை மீண்டும் பேச அழைக்கவில்லை. பெண்கள் மாணாக்கராகச் சேர்க்கப்பெற்றது 1955இல்தான். இன்று அப்பள்ளியில் காணும் பல்சமயச் சூழல் பழமையானதன்று என்பதற்காக இவை கூறப்பட்டன.

அச்சூழல் உருவானதில் பெரும்பங்கு 1960இல் திறக்கப்பெற்ற உலகச் சமயங்கள் ஆய்வு மையத்தினுடையது. இதனை வெறும் ஆராய்ச்சி நிலையமாக அமைக்காமல் குடியிருப்பாகவே அமைத்தனர் என்பது கருதத்தக்கது. ஹோஸே லூயிஸ் ஸெர்ட் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அக்கட்டடத்தில், நடுவே முற்றமும், அதனைச் சூழ இல்லங்களும், பொதுவில் கூடும் அறைகளும், த்யானத்திற்கென ஓர் அறையும் உள்ளன. ஆய்வு செய்வோர் குடும்பத்தோடு அங்கு வசிப்பர். பௌத்தரும் யூதரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஹிந்துக்களும் ஒருவருக்கொருவர் அயலார் மட்டுமல்லர். ஒரே முற்றத்தைக் கடந்து செல்வோர். பிறர் மதத்தை நூலில் கண்டு "இது இவ்வளவே" என்று முடிவு கட்டுவது எளிது. அம்மதத்தான் வைகறையில் எழுந்து என் செய்கிறான், தன் குழந்தைக்கு நோய் வந்தால் யாரை வேண்டுகிறான் என்று அடுத்த வீட்டிலிருந்து காண்பவனுக்கு அவ்வெளிமை இராது. இல்லங்கள் தனித்தனியாக அமைந்தமையால் ஆஹார நியமம் உடையோர் தம் தளிகையைத் தாமே செய்துகொள்ளவும் இடமுண்டு. நியமத்தைக் கைவிட்டால்தான் பிறரோடு பழகலாம் என்ற நிர்ப்பந்தம் அவ்வமைப்பில் இல்லை. இவ்வொரு நுட்பம், பொதுவாழ்வு என்ற பெயரில் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்திவிட்டு மகிழும் பல நிறுவனங்களுக்குப் புலப்படாதது.

பள்ளியின் வாழ்வில் மிகவும் விளக்கத்திற்குரியது வாரந்தோறும் ஒரு நாள் நண்பகலில் நடக்கும் வழிபாடு. கல்வியாண்டு நடக்கும் காலத்தில், ஒவ்வொரு வாரமும் ஒரு மாணாக்கர் குழு அதனை ஏற்று நடத்தும். ஒரு வாரம் யூத மாணாக்கர், மறுவாரம் பௌத்தர், பின்பு கிறித்தவத்தின் ஒரு பிரிவினர் என முறை செல்லும். நடத்துவோர் தம் மரபில் உள்ளபடியே நடத்துவர். ஏனையோர் வந்து அமர்வர். எல்லா மதங்களிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்துக் கோத்து, எவருக்கும் உரியதல்லாத ஒரு பூஜையை ஆக்குவது இங்கு நோக்கமன்று. சாஸ்த்ர பரிபாஷையில் கூறுவதானால் இது ஸமுச்சயம் அன்று; முறைவைப்பு.

இங்கு ஒரு சங்கை எழலாம். பிறர் காண நடத்தும் வழிபாடு வழிபாடாகுமோ, காட்சியாகுமோ? வந்தமர்ந்தோர் பக்தர் அல்லரே; பார்ப்போர்தாமே? சங்கை நியாயமானதே. ஓராண்டில் ஒரு நண்பகலில், ஒரு மணிக்கும் குறைவான பொழுதில் காட்டப்படுவது நித்யானுஷ்டானத்தின் சாயையே அன்றி அனுஷ்டானம் ஆகாது. திருவாராதனமும் ஸந்த்யாவந்தனமும் முறை வந்தபோது மட்டும் செய்யப்படுவன அல்ல. ஆயினும் ஒன்று சொல்லத்தகும். இம்மாணாக்கருள் பலர் பின்னாளில் மருத்துவமனைகளிலும் சிறைச்சாலைகளிலும் நோயாளரையும் கைதிகளையும் தேற்றும் பணியில் அமர்பவர். மூன்றாண்டுப் படிப்பாகிய எம்.டிவ். பட்டத்திற்கு அவ்வகைக் களப்பயிற்சி கட்டாயம். சாகும் தறுவாயில் உள்ள ஒரு ஹிந்துவின் படுக்கையருகே நிற்க நேரும் ஒருவர், அவன் செவியில் கேட்க விரும்பும் திருநாமம் இன்னதென்று அறிந்திருப்பது சிறு பயன் அன்று. அதனால் அவ்வழிபாட்டைக் காட்சி என்று தள்ளுவதினும், காண்போர்க்கு ஏற்பட்ட பயிற்சி என்று கொள்வதே பொருந்தும். நடத்துவோர்க்கு அது என்னவாகும் என்பது அவரவர் நிஷ்டையைப் பொறுத்தது.

இனி க்ரந்தங்களைப் பற்றியது. மேற்கூறிய ஆய்வு மையத்தை 1973 முதல் 1989 வரை நடத்திய ஜான் கார்மன், ராமாநுஜ ஸித்தாந்தத்தைப் பற்றிய தம் நூலை 1974இல் வெளியிட்டார். பரத்வமும் ஸௌலப்யமும் ஒரே எம்பெருமானிடம் இணைந்திருத்தலையே அந்நூலின் நடுப்பொருளாகக் கொண்டார். இது வெளியிலிருந்து கொணர்ந்து ஏற்றிய கருத்தன்று. வ்யாக்யாதாக்கள் அடிக்கு அடி காட்டுவது. பின்னர் வசுதா நாராயணனோடு இணைந்து ஆறாயிரப்படியைப் பற்றிய நூலை 1989இல் வெளியிட்டார். மையத்தைப் பின்னாளில், 2010 முதல் 2017 வரை நடத்திய ப்ரான்ஸிஸ் க்ளூனி கத்தோலிக்க யேசு சபையைச் சார்ந்த துறவி. முதலில் ஜைமினியின் மீமாம்ஸையில் உழைத்து, பிறகு திருவாய்மொழிக்கும் அதன் உரைகளுக்கும் வந்தவர். ரஹஸ்யத்ரயத்திற்கு ஒரு கிறித்தவராக நின்று எழுதிய விளக்கமும், வேதாந்த தேசிகனையும் தம் மதத்துப் பெரியார் ஒருவரையும் சரணாகதி விஷயத்தில் அருகருகே வைத்துப் படித்த நூலும் 2008இல் வெளிவந்தன. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் கொண்டு தமிழ்ப் பௌத்தத்தை ஆராய்ந்த ஆன் மோனியஸ் அம்மையாரும் 2019இல் மறையும் வரை இப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார்.

இவர்கள் அதிகாரிகள்தாமா என்ற வினா இப்போது வரும். க்ரந்தசதுஷ்டய காலக்ஷேபம் ஸமாச்ரயணம் பெற்றவனுக்கே உரியது. தனியன் அநுஸந்தித்து ஆசார்யன் திருமுன்பே கேட்கப்படுவது. அக்கணக்கில் மேற்கூறியோர் எவரும் அதிகாரி அல்லர். கார்மனும் க்ளூனியும் தம் நம்பிக்கை வேறென்று மறையாமல் சொல்லியே எழுதினர். ரஹஸ்யத்தைத் தகுதியில்லார்க்கு உரைத்தல் கூடாது என்னும் கட்டளையும், திருக்கோட்டியூரில் எம்பெருமானார் ரஹஸ்யார்த்தத்தை ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டருளினார் என்னும் குருபரம்பரைச் செய்தியும் ஒரே ஸம்ப்ரதாயத்தில் உள்ளன. இரண்டையும் சேர்த்து நோக்கின், விலக்கப்பட்டவன் ஆசையில்லாதவன் என்பது தேறும். ஆசை இன்னாருக்கு இல்லை என்று பிறப்பையோ தேசத்தையோ கொண்டு அறுதியிடல் இயலாது. ஆயினும் ஆசையால் கற்றவனுக்கும் உபதேசத்தால் பெற்றவனுக்கும் வாசி உண்டு. முன்னவன் பொருளைச் சொல்லவல்லன். பின்னவன் அதனைத் தனக்கென்று பெற்றவன். அவ்வாசியை அழியாமல் வைத்துக்கொண்டே அவர்தம் உழைப்பை மதிப்பது முறை. ஒரு பதத்தின் உரைக்காக நான்கு வ்யாக்யானங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளூரில் அருகிவரும் காலத்தில், அப்பொறுமை எங்குக் காணப்படினும் பழித்தல் தகாது.

குறை எங்கே உள்ளது எனின், அக்கோஷ்டியில் உரை எழுதியோரின் வழிவந்தோர் பெரும்பாலும் இல்லை என்பதில் உள்ளது. பௌத்தர்க்கென அங்கு 2011இல் தனிப் பயிற்சித் திட்டமே தொடங்கப்பட்டது. 2019–20இல் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாகிய ஸ்வாமி ஸர்வப்ரியாநந்தர் ஆய்வுநல்கை பெற்றுத் தங்கியிருந்தார். அருளிச்செயலை ஸந்தையாகக் கற்று, உரையைக் காலக்ஷேபமாகக் கேட்ட ஓர் இளைஞன் அங்குச் சென்று இரண்டாண்டு அமர்ந்தால், ஏட்டில் மட்டும் கண்டதை அவர்கள் செவியிலும் கேட்பர்.

அவ்வாறு செல்வோன் அறியவேண்டிய கல்வியாண்டு ஏறத்தாழ செப்டம்பர் தொடக்கத்தில், ஆசிரியர் ஒருவர் ஆற்றும் தொடக்கவுரையோடு ஆரம்பமாகிறது. வாரவழிபாடும், தேநீருக்குக் கூடும் வழக்கமும் அதன்பின் தொடரும். ஆன்மாவின் அழிவின்மையைப் பற்றியே பேசவேண்டும் என்று வகுக்கப்பெற்ற இங்கர்ஸால் சொற்பொழிவும் இப்பள்ளியைச் சார்ந்ததே. வில்லியம் ஜேம்ஸ் 1897இல் அதனை ஆற்றினார். ஜீவாத்ம நித்யத்வத்தை ஸ்ரீபாஷ்ய ரீதியில் அங்கு நிலைநாட்டத்தக்கவர் எழவேண்டும். இளவேனிலில் மாணாக்கரிடையே பில்லிங்ஸ் பரிசுக்கான உபந்யாஸப் போட்டி நிகழும். மே மாத இறுதியில் பட்டமளிப்பையொட்டிப் பல்சமய நன்றி வழிபாடு நடைபெறும்.

இவற்றுள் டிசம்பரில் நிகழும் ஒளி விழா தனியே கருதத்தக்கது. பாஸ்டனில் அக்காலத்தில் மாலை நான்கே கால் மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். அவ்விருளில் ஒவ்வொரு மரபினரும் தம் விளக்கைப் பற்றிய வாசகமோ பாடலோ அநுஸந்தித்து ஒளியேற்றுவர். ஏறக்குறைய அதே பருவத்தில் திவ்யதேசங்களில் திருக்கார்த்திகை தீபம் ஏற்றப்படுகிறது. ஸ்ரீவைஷ்ணவ மாணாக்கன் ஒருவனுக்கு அவ்விழாவில் இடம் கிடைப்பின், திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவர் மழையிருளில் நெருக்குண்டு நின்ற வைபவத்தைச் சொல்லுதலே பொருத்தம். அங்குப் பிறந்த விளக்குகள் இரண்டு திருவந்தாதிகளாகவும், அவற்றின் ஒளியில் கண்ட காட்சி மூன்றாவதாகவும் ஆயின. ஆனால் அதனைப் பல மதத்தார் ஒரே இடத்தில் ஒதுங்கிய கதையாக நீர்த்துரைத்தல் கூடாது. மூவரும் ஒரு தெய்வத்திற்கே உரியவர். நெருக்கியவன் நாலாமவன், அவனே அத்தெய்வம். அப்பொருளோடு சொன்னால், கேட்போர் எம்மதத்தினர் ஆயினும் அவன் சொன்னதையே கேட்டவர் ஆவர்.