இல்லாத திரையைத் தேடும் டிரைவர்!

செமினார் நாள். ஹெச்.ஓ.டி. முன் வரிசையில் உட்கார்ந்தாச்சு. லேப்டாப்பில் லினக்ஸ் ஜம்மென்று ஓடுது. புரொஜெக்டர் வயரைச் செருகினால்... 'நோ சிக்னல்'! 'லினக்ஸே இப்படித்தான் மச்சி, விண்டோஸுக்கு மாறிடு' என்று பின் பெஞ்சிலிருந்து இலவச அட்வைஸ் வேறு.

கொஞ்சம் பொறுங்க பாஸ். தப்பு லினக்ஸ் மேலே இல்லாமலும் இருக்கலாம். வயர் சொதப்பியிருக்கலாம். இல்லாவிட்டால், உங்கள் மெஷினுக்குள் இருக்கும் ஒரு குட்டி அட்டவணை பொய் சொல்லியிருக்கலாம்!

அட்டவணையா, அது என்ன?

கம்ப்யூட்டரின் முதுகில் தெரியும் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எல்லாம் வெறும் வாசல்கள்தான். கிராபிக்ஸ் சிப்பிலிருந்து கிளம்பும் எந்த இணைப்பு எந்த வாசலுக்குப் போகிறது? அது போர்டு தயாரித்தவருக்குத்தான் வெளிச்சம். ஒரே சிப்பை வாங்கி, ஆளுக்கொரு விதமாக வயரிங் செய்வார்கள். அந்த விவரத்தை வீடியோ பயாஸுக்குள் அட்டவணையாக எழுதி வைப்பார்கள். இன்டெல் சிப்பில் இதற்குப் பெயர் விபிடி. என்விடியாவில் டிசிபி. டிரைவர் இதைப் படித்துத்தான் 'ஓஹோ, இங்கே இத்தனை போர்ட் இருக்கு' என்று முடிவு கட்டுகிறது.

இந்த டிசிபிக்கு ஒரு கதை உண்டு. என்விடியா கார்டுகளுக்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவர் 'நூவோ'. அதை எழுதியவர்கள் கையில் கம்பெனியின் கையேடு கிடையாது. கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். 2010 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.33-ல் நூவோ இடம் பிடித்தது. என்விடியா மனது வைத்து டிசிபி விவரத்தை வெளியிட்டது 2013-ல்தான். அதற்குள் பசங்க வண்டியை ஓட்டவே ஆரம்பிச்சிருந்தாங்க!

பேய்த் திரை

சரி, அட்டவணையே தப்பாக இருந்தால்? லேப்டாப் சிப் வைத்துச் செய்த குட்டி டெஸ்க்டாப் பெட்டிகளில் இந்தக் கூத்து நிஜமாகவே நடந்தது. பெட்டியில் திரையே கிடையாது. ஆனால் பயாஸ் மட்டும் 'உள்ளே ஒரு எல்விடிஎஸ் திரை இருக்கு' என்று சத்தியம் பண்ணும். டிரைவரும் நம்பிவிடும். மவுஸ் அம்பு ஓரத்துக்குப் போய், இல்லாத திரைக்குள் மறைந்துவிடும்.

இன்டெல்லின் ஐ915 டிரைவரில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. 'இந்த மாடலா? பயாஸ் சொல்வதை நம்பாதே, எல்விடிஎஸ் கிடையாது' என்று சொல்லும் பட்டியல். கோர் வரிசை சிப் வைத்த ஆப்பிள் மேக் மினி அதில் இருக்கிறது. ஆசுஸ் ஈபாக்ஸும் இருக்கிறது. ஒரு மாடலைச் சேர்க்க ஏழெட்டு வரி கோடு போதும். அவ்வளவுதான் மேட்டர்!

நீங்களே நோண்டலாம்

லினக்ஸ் மெஷினில் 'சிஸ்' ஃபோல்டர், அதற்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்' என்று போங்கள். டிரைவர் நம்பும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். பெட்டியில் இல்லாத போர்ட்டின் பெயர் தெரிகிறதா? பேய் அங்கேதான்.

ஒவ்வொன்றிலும் 'ஸ்டேட்டஸ்' என்ற ஃபைலைத் திறந்தால் திரை இணைந்திருக்கிறதா, இல்லையா என்று தெரியும். பக்கத்திலேயே 'ஈடிஐடி' என்று ஒரு ஃபைல். இது மானிட்டரின் பயோடேட்டா. குறைந்தது 128 பைட். என் ரெசல்யூஷன் இது, கம்பெனி இது என்று மானிட்டரே அறிமுகம் செய்துகொள்ளும். திரை இணைந்திருந்தும் ஃபைல் காலியாக இருந்தால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். விஜிஏ வயரில் 12, 15-ஆம் பின்கள்தான் இந்தச் செய்தியைக் கொண்டு வரும். மட்டமான வயர்களில் இவை இல்லாமலே போவதுண்டு. அப்போது லினக்ஸ் எதற்கு வம்பு என்று 1024க்கு 768-ஐத் தாண்டாது. படம் ஏன் மங்கலாகத் தெரியுதுன்னு இப்ப புரியுதா?

மூன்று போர்ட் இருந்தும் இரண்டு திரைதான் எரிகிறதா? போர்ட்டுக்குப் படம் அனுப்பும் பகுதிக்கு சிஆர்டிசி என்று பெயர். குண்டு பிக்சர் டியூப் காலத்துப் பெயர், இன்னும் மாறவில்லை. இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜில் அது இரண்டுதான். 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜில்தான் மூன்றானது. இந்தக் குறையை எந்த செட்டிங்காலும் தீர்க்க முடியாது. பணத்தை வயரில் கொட்டாதீர்கள்.

ஒரு எழுத்து வைத்தியம்

பேய்த் திரையை விரட்ட மந்திரம் சிம்பிள். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' கீயை அழுத்துங்கள். கெர்னல் வரியின் கடைசியில் 'வீடியோ' என்று போட்டு, சமக்குறி, போர்ட்டின் பெயர், முக்காற்புள்ளி, அப்புறம் ஆங்கிலச் சின்ன எழுத்து 'டி'. அந்தப் போர்ட் அணைந்துவிடும். 'டி'க்குப் பதில் 'இ' போட்டால், திரை இருப்பதாகவே டிரைவர் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை ரீபூட் செய்தால் பழைய நிலைமைதான், பயமே வேண்டாம். எக்ஸ்-ரேண்டர் கட்டளை வேலாண்டில் கைகொடுக்காது. ஆனால் இது கெர்னலிலேயே நடப்பதால் இரண்டிலும் வேலை செய்யும்.

மூடிய டிரைவராக இருந்தால் இதோடு சரி. கம்பெனி அடுத்த வெர்ஷன் விடும் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இங்கே கதவு திறந்தே இருக்கிறது. உங்கள் மாடல் பெயரோடு அந்த ஏழெட்டு வரியைப் பேட்ச் ஆக அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயர் கெர்னல் வரலாற்றில் பதிவாகும். அதே பெட்டியை வாங்கிய முகம் தெரியாத ஒருவருக்கு முதல் நாளே திரை சரியாக வரும்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஐடியா தேடி அலைகிறீர்களா? உங்கள் லேப் மெஷினின் முதுகைத் திருப்பிப் பாருங்களேன்!