ஆன்டெனாவை உயர்த்துங்கள், ஒயரைக் குறையுங்கள்!

கிடங்கிலிருந்து சரக்கு வரவழைக்க, லாரி எங்கே வருகிறது என்று கேட்க, வாங்கியவரிடம் பணம் பெற என எல்லாவற்றுக்கும் இன்று நம் வணிகர்கள் செல்போனையே நம்பியிருக்கிறோம். அது ஒருநாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்ட மக்கள் அனுபவித்தார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர்.

இதற்கு முன் 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானிலும் இதே நிலைதான். அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் ரேடியோ பெண்மணியும் அவரது குழுவினரும் வயர்லெஸ் செட்டையும் ஆன்டெனாவையும் வைத்தே செய்திகளை வெளியே அனுப்பினார்கள். விலை உயர்ந்த செட் மட்டும் போதாது, ஆன்டெனா சரியாக இருந்தால்தான் செட் பேசும். ஆகவே அதைப் பற்றி நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மலை மறைக்கும்

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பகுதிக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த இட அமைப்பு தெரியும். மூன்று பக்கமும் மலை, நடுவே ஆறு. வாக்கி டாக்கியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நடுவில் மலை நின்றால் அதற்குப் பின்னால் நிழல் விழுந்த மாதிரிதான். செட்டின் பவரைக் கூட்டுவதால் இது தீராது. மலை முகட்டில் ரிப்பீட்டர் வைத்துத்தான் இத்தகைய இடங்களுக்குத் தொடர்பு கொடுக்க முடியும். கொடைக்கானல் பண்பலை பல மாவட்டங்களுக்குக் கேட்பதற்கும் உயரமே காரணம்.

ஊருக்குள் கணக்கு எளிது. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்குச் சமவெளியில் அடிவானம் சுமார் 13 கி.மீ. இரு முனையிலும் 10 மீட்டர் இருந்தால் 26 கி.மீ. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே கட்டடமும் மரமும் குறுக்கிடாவிட்டால் இதுவே தாராளம். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகாது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். எனவே அளவுக்கு மீறிக் கம்பம் நட்டுச் செலவு செய்ய வேண்டாம்.

ஒயரில் போகும் நஷ்டம்

உயரமாக வைத்துவிட்டு நீளமான மெல்லிய கேபிளைப் போட்டால் வந்த லாபம் கேபிளிலேயே போய்விடும். 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆர்.ஜி.58 கேபிள் 30 மீட்டர் போட்டால், செட் கொடுக்கும் பவரில் கால்வாசிதான் ஆன்டெனாவுக்குப் போகும். அதே நீளத்தில் தடித்த ஆர்.ஜி.213 போட்டால் பாதிக்கு மேல் கிடைக்கும். டி.வி. கேபிள் 75 ஓம், வயர்லெஸ் செட்டுக்கு வேண்டியது 50 ஓம். கையில் இருக்கிறதே என்று மாற்றிப் போடக் கூடாது. வெளியில் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் புகாதபடி ரப்பர் டேப் சுற்ற வேண்டும். சுவருக்குள் கேபிள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆன்டெனாவின் நீளமும் இஷ்டத்துக்கு அல்ல. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு 2 மீட்டர். அதில் கால் பங்கு 50 செ.மீ. உலோகத்துக்காகச் சற்றுக் குறைத்து 47, 48 செ.மீ. வைக்க வேண்டும். ஒரு முனையில் கம்பி நின்றவாக்கிலும் மறுமுனையில் படுத்தவாக்கிலும் இருந்தால் சிக்னல் பெருமளவு குறையும்.

கடைக்கும் கிடங்குக்கும்

கடையிலிருந்து கிடங்கின் கேமராவைப் பார்க்க 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு இப்போது பலரும் போடுகிறார்கள். "ஒன்றையொன்று கண்ணுக்குத் தெரிகிறதே" என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. 1 கி.மீ. தூரத்துக்கு நடுப்பகுதியில் பார்வைக் கோட்டைச் சுற்றி மூன்றரை மீட்டர் அளவுக்கு இடம் காலியாக இருப்பது நல்லது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிறைந்த நம் பகுதியில், இன்று தெரிகிற கிடங்கு இரண்டு வருடத்தில் மட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். மரம் வளர்வதையும் கணக்கில் வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

உயிருக்கு ஆபத்து

கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்க்க வேண்டும். கம்பத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிறுத்துவது பாதுகாப்பு. ஸ்டே கம்பி கட்டாமல் மாடியில் பைப் நிறுத்தாதீர்கள். கம்பத்துக்குத் தனி எர்த் போட்டு, அதைக் கட்டடத்தின் எர்த்துடன் இணைக்க வேண்டும். இடி வரும் அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கேபிள் பக்கம் போகவே கூடாது.

சட்டம் சொல்வது

பொதுவாக வாக்கி டாக்கிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள குறைந்த பவர் செட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் கருவி ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அமெச்சூர் உரிமத்தை வியாபாரப் பேச்சுக்குப் பயன்படுத்த முடியாது. செல்போன் சிக்னல் பூஸ்டரைத் தனியார் தாங்களே வாங்கி மாட்டுவது குற்றம். 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய விற்பனைத் தளங்களில் அனுமதியற்ற வாக்கி டாக்கி விற்பதற்கு எதிராக வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் சரக்கு எடுக்கும்போது அலைவரிசை எது, ஒப்புதல் சான்று உண்டா என்று கேட்டு, சான்றின் நகலை பில்லுடன் வாங்கி வைப்பது அவசியம்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை மாடிக்கு ஏறி, கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா, கேபிள் வெடித்திருக்கிறதா, எர்த் கம்பி விட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். மழைக்காலத்தில் கடைக்கும் கிடங்குக்கும் பேச்சு நின்றுவிடாமல் இருக்க இதுவே நல்ல ஏற்பாடு.